சௌகரியம் நேயர்களுக்கு வணக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் முக்கியமான பாகத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் கம்பெனியிலேயே இல்லை. பாதி அங்கே வேலை பார்க்கிற மரகதம் அக்கா சொன்னது, பாதி ரெக்கார்டிங்கில் நானே கேட்டது. அக்கா கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்லுவார். எங்கே குறைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிகிறதோ அங்கே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பொய் கலந்து பேசுவது எனக்கு ஆகாதுங்க.

நீங்கள் என் கழுத்து அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தீர்கள், பார்த்தேன். பரவாயில்லை. இந்தக் காங்கயம் பஸ்ஸில் வாரத்துக்கு ஒருவராவது சிரிக்கிறார்கள். 'சௌகரியம் இன்னர்வேர்ஸ், திருப்பூர். ப. நல்லசிவம், தகவல் தொடர்பு.' ஜட்டி கம்பெனியில் என்ன தகவல், யாரோடு தொடர்பு என்றுதானே கேட்கிறீர்கள்? எங்கள் அப்பாவும் இதையேதான் கேட்டார். அவர் வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான்தான். அதனால் அவர் வெளியில் யாரிடமும் ஜட்டி என்று சொல்லுவதில்லை. "பையன் டெக்ஸ்டைல்ல மேனேஜர்" என்றுதான் சொல்லுவார். நான் மறுப்பதில்லை. சொன்னது அவர், நான் இல்லையே.

திருப்பூர் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. சொல்கிறேன்.

எங்கள் முதலாளி பேர் அவினாசியப்பன். ஐம்பத்தெட்டு வயது. ஜட்டி, பனியன் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. ஜட்டி, பனியனில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. போன வருஷம் ஒரு ஓட்டல் ஹாலில் தொழிலதிபர்களுக்கு ஒரு கூட்டம் நடந்ததாம். டை கட்டிய ஒருவர் வந்து, "விளம்பரம் செத்துப்போச்சு. இனிமேல் வாடிக்கையாளரோடு உரையாடுங்கள். பிளாக் எழுதுங்கள், பாட்காஸ்ட் பேசுங்கள், ஃபீடு வையுங்கள்" என்று இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார். முதலாளி மத்தியானம் திரும்பி வந்து, கட்டிங் மேஜை பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்த உரையாடல் எங்கீப்பா கிடைக்கும்?" என்று எல்லாரிடமும் கேட்டாராம். இதுவும் மரகதம் அக்கா சொன்னதுதான். அப்போது நான் வேலைக்குச் சேரவில்லை. உரையாடல் கிடைக்கிற இடம் நான்தான் என்று அதற்குப் பிறகு என்னை எடுத்தார்கள். ஆறு மாதம் பயிற்சி. வேலை பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் அட்டையைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது.

எனக்கு எதற்கும் பயம். லிப்டில் பொத்தானை இரண்டு தடவை அழுத்துகிற ஆள் நான்.

பிளாக்கில் முதலாளி பேரில் நான் எழுதுவேன். 'பருத்தியின் பயணம்', 'கோடையும் உள்ளாடையும்', 'இடுப்பளவு எடுப்பது எப்படி.' எழுதும்போது உள்ளாடை, பேசும்போது ஜட்டி, இது முதலாளி போட்ட சட்டம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு பாட்காஸ்ட். அதை அவர் ரேடியோ என்பார். சாம்பிள் ரூமில் பனியன் வேஸ்ட் துணி மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கி, நடுவில் மைக் வைத்திருந்தோம். வெளிச் சத்தம் சுத்தமாக உள்ளே வராது. ரெக்கார்டிங் தியேட்டர்காரனே வந்து பார்த்துவிட்டு, இந்த மூட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

ஃபீடு என்ன என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த விதம் எனக்கே கொஞ்சம் பெருமை. "சார், உங்க தோட்டத்துல மடையைத் திறந்துவிட்டா எல்லாப் பாத்திக்கும் தண்ணி தானா போகுதுல்ல, அது மாதிரி. நாம ஒரு இடத்துல போட்டாப் போதும், நாப்பத்துமூணு டீலருக்கும் தானா போயிரும்" என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு டீலர்கள் தங்கள் கடை ஸ்பீக்கரில் அதைப் போட வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் மட்டும் ஒழுங்காகப் போடுவார். மற்றவர்கள் போடுவதாகச் சொல்லுவார்கள்.

இப்போது நேயர் கடிதத்துக்கு வருகிறேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. யார் தப்பு என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

நேயர் கடிதம் இல்லாமல் ரேடியோவா என்று முதலாளி கேட்டார். அதற்கென்று ஒரு மின்னஞ்சல் பெட்டி திறந்தோம். கடிதம் ஒன்றும் வரவில்லை. "மொத ரெண்டு மூணு வாரம் நாமளே எழுதிப் போட்ரலாம் நல்லசிவம். கடை தொறக்கற அன்னைக்கு நம்ம சொந்தக்காரங்களையே நாலு பேர வாங்கச் சொல்றதில்லையா, அந்த மாதிரி. அப்புறம் நெசமா வரும்" என்றார். அவர்தான் சொன்னார், கவனிச்சுக்குங்க. நான் வாரம் மூன்று எழுதினேன்.

அப்புறம் வந்ததா என்றால், வரவில்லை. வந்ததா என்று அவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நாலாவது வாரமும் நான் மூன்று தாளை நீட்டினேன், அவர் வாங்கிப் படித்தார். ஐந்தாவது வாரமும் அப்படியே. "பாத்தியா, வர ஆரம்பிச்சிருச்சு" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். அந்த நேரத்தில் குறுக்கே பேசினால் மரியாதையாக இருக்காது.

ஆனால் நான் ஏனோதானோ என்று எழுதவில்லை. ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். யார், எந்த ஊர், என்ன வயது, என்ன சைஸ், கடைசியாக எப்போது எழுதினார், எல்லாம் அதில் இருக்கும். அரக்கோணத்தில் தேசிகன் என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரை வைத்திருந்தேன். முதலாளிக்கு அவர் மேல் உயிர். ஒரு தடவை அவசரத்தில், 'முப்பது ஆண்டுகளாகச் சௌகரியம் மட்டுமே அணிகிறேன்' என்று எழுதிவிட்டேன். முதலாளி நிமிர்ந்து பார்த்து, "கம்பெனி ஆரம்பிச்சே இருவத்திரண்டு வருசந்தானேப்பா ஆச்சு?" என்றார். "வயசானவர் சார், மறந்திருப்பார்" என்றேன். அது பொய் இல்லை. வயசானவர்கள் மறப்பார்கள்தானே.

வாத்தியாருக்கு ஹேமா என்று ஒரு பெண். கடிதத்துக்கு ஒரு நீளம் வேண்டுமே என்றுதான் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தேன். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதமாகப் பதில் சொல்லவில்லை என்று ஒரு கடிதத்தில் எழுதினேன். முதலாளிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. "என்ன மனுசங்கப்பா, ஆமா இல்லைன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?" என்று அக்கவுண்டன்டிடம் சண்டைக்குப் போனார். தீபாவளிக்கு வாத்தியாருக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்ப விலாசம் கேட்டார். வீடு மாறிக்கொண்டிருக்கிறார் என்றேன்.

அந்த மின்னஞ்சல் பெட்டியை நான் இரண்டு மாதமாகத் திறக்கவேயில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது?

சரி, அந்த வெள்ளிக்கிழமை.

அன்று எனக்குக் கோயம்புத்தூரில் பட்டமளிப்பு விழா. படித்து முடித்து இரண்டு வருஷம் கழித்துக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா புதுச் சட்டை எடுத்திருந்தார். நான் லீவு சொல்லிவிட்டு, மரகதம் அக்காவுக்கு ரெக்கார்டிங் மெஷினைக் கற்றுக்கொடுத்தேன். அக்கா செக்கிங் பிரிவில் இருக்கிறார். தைத்து வருகிற ஜட்டியை எல்லாம் இழுத்துப் பார்த்து, ஓட்டை ஒடிசலை ஒதுக்குகிற வேலை. கம்பெனியிலேயே சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரே ஆள். அவருக்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தேன். 'ஆரம்பிக்கும்போது சிவப்புப் பொத்தான். முடிக்கும்போது யாராவது, சௌகரியமா இருங்க நேயர்களே என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் பச்சைப் பொத்தான்.' பச்சை அழுத்தினால் நேராக ஃபீடில் ஏறிவிடும். நடுவில் வெட்டி ஒட்டுகிற வேலையை நான் எப்போதும் செய்வேன். அதை யார் செய்வது என்று சீட்டில் எழுத விட்டுப்போயிற்று.

அந்த வாரத்துக் கடிதம் மூன்றையும் முந்தின நாளே எழுதி மேஜை டிராயரில் வைத்திருந்தேன். அந்த டிராயரில்தான் நோட்டும் இருந்தது. நோட்டு யார் கையிலாவது கிடைத்துவிடக் கூடாதே என்று டிராயரைப் பூட்டினேன். பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்தும் பார்த்தேன். சாவி என் பையில். பை கோயம்புத்தூரில்.

பதினோரு மணிக்கு முதலாளி மைக் முன்னால் உட்கார்ந்து கடிதம் எங்கே என்றிருக்கிறார். டிராயர் பூட்டு. "அதென்ன, பெட்டியிலதான வருது? தொறந்து எடுங்கப்பா" என்று அக்கவுண்டன்டிடம் சொல்லியிருக்கிறார். பாஸ்வேர்டை நான் மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தேன், மறந்துவிடக் கூடாதே என்று. திறந்தால் உள்ளே மொத்தம் மூன்று. ஒன்று, பெட்டி திறந்ததற்கு நல்வரவு. இன்னொன்று, முடி உதிர்வுக்கு எண்ணெய். மூன்றாவது ஒரு கடிதம், வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதை அப்படியே பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இனிமேல் வருவது ரெக்கார்டிங். இதில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

முதலாளி சிரித்த குரலில் ஆரம்பிக்கிறார். "சௌகரியம் நேயர்களுக்கு வணக்கம். இன்னைக்குப் பாவூர்சத்திரத்துல இருந்து ஒரு அன்பர் எழுதியிருக்காரு. பஸ் கண்டக்டர் இசக்கிமுத்து." பிறகு படிக்கிறார். 'கம்பெனிக்காரருக்கு. உங்கள் ஜட்டி வாங்கினேன். நாலே சலவை. எலாஸ்டிக் போய்விட்டது. நான் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவன். ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் கம்பி. மூன்றாவது கை எனக்கு ஆண்டவன் வைக்கவில்லை. நான் சில்லறை கொடுப்பதா, இதை இழுத்துவிடுவதா? கடையநல்லூர் நிறுத்தத்தில் இருபது பெண்பிள்ளைகள் ஏறும்போது என் கதி என்ன என்று நீங்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். விளம்பரத்தில் என்னென்னவோ பேசுகிறீர்கள். பேச்சு இடுப்பில் நிற்குமா?'

அப்புறம் பதினோரு விநாடி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சத்தம். நான் எண்ணினேன்.

"யார்றா இவன்?" என்கிறார் முதலாளி.

அந்தச் சமயம் பார்த்து ஒரு சிரிப்பு. காதர் மாஸ்டர். எங்கள் கட்டிங் மாஸ்டர் அவர், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறார்.

"சிரிக்காதீங்க மாஸ்டர்."

"சிரிக்காம என்ன மொதலாளி பண்றது? நான் சித்திரையிலேயே சொன்னேனா இல்லையா? அந்தப் புது எலாஸ்டிக் சுருள் சரியில்ல. இழுத்தா வருது, திரும்பிப் போக மாட்டேங்குது. நீங்கதான், 'ஓடும் ஓடும், தைங்க மாஸ்டர்'னீங்க."

"மாஸ்டர், ரெக்கார்டு போயிட்டிருக்குது."

"போவட்டும். அந்தக் கண்டக்டர் பொழப்பே போகுது."

அடுத்தது ஒரு பெண் குரல். தான் அந்த ரூமில் வாயே திறக்கவில்லை என்றுதான் அக்கா என்னிடம் சொன்னார். அக்கா குறைத்துச் சொன்ன இடம் இதுதான். ரெக்கார்டிங்கில் இரண்டு நிமிஷம் அவர் குரல் மட்டும்தான் இருக்கிறது. "நானும் செக்கிங்ல நூத்துக்குப் பத்து ஒதுக்கி வெச்சனுங்க. 'விடு அம்மிணி, வாங்கறவனுக்கு வருசத்துல தொப்பை போடும், தானா டைட் ஆயிரும்'னு சொன்னது ஆருங்க? நீங்கதானுங்களே?"

"அய்யோ, மைக்கைப் பாத்துப் பேசாத அம்மிணி!"

கொஞ்ச நேரம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒரு மூட்டை விழுகிற சத்தம். கதவு அறைகிற சத்தம். பிறகு மரகதம் அக்கா, சீட்டைப் பார்த்துப் படிக்கிற குரலில், "சௌகரியமா இருங்க நேயர்களே" என்கிறார்.

பச்சைப் பொத்தான்.

நான் அப்போது கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் முப்பது பேர். அக்காதான் முதலில் போன் போட்டார். "தம்பி, நீங்க எழுதிக் குடுத்த மாதிரியே பச்சைய அமுத்திட்டனுங்க. மொதலாளி தண்ணி குடிச்சுட்டு இருக்கறாரு." அது ஏன் சொன்னார் என்று புரியவில்லை. அடுத்த நிமிஷம் முதலாளியே கூப்பிட்டார்.

"நல்லசிவம், மடையைச் சாத்து."

"எந்த மடை சார்?"

"போனதை எல்லாம் திரும்ப இழுடா!"

திரும்ப இழுக்க முடியாது என்று எப்படிச் சொல்லுவது? நம் பக்கத்தில் அழிக்கலாம், ஆனால் யார் யார் போனில் ஏற்கெனவே இறங்கிவிட்டதோ அது இறங்கினதுதான். அங்கியோடு சுவர் ஓரமாக ஒதுங்கி இதை விளக்கிக்கொண்டிருந்தேன். தூரத்தில் அப்பா பக்கத்துச் சீட்டுக்காரரிடம் என்னைக் காட்டி, "ஒரு நாள் லீவு போட்டாலும் விட மாட்டேங்கறாங்க" என்று பெருமையாகச் சொல்லுவது கேட்டது. என் பேரைக் கூப்பிட்டபோது போனைக் காதில் வைத்துக்கொண்டே மேடை ஏறினேன். போட்டோவில் அது நன்றாகத் தெரிகிறது.

ஐந்து மணிக்குப் பொள்ளாச்சிக்காரர் வழக்கம்போல ஒழுங்காகக் கடை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். கடையில் கூட்டமாம். அவர் கூப்பிட்டுத் திட்டவில்லை. "இதை இத்தன நாளா நான் சொன்னா ஆரும் காதுல வாங்கலையேங்க, எனக்கும் பத்துப் பன்னெண்டு திரும்பி வந்திருக்குது" என்றாராம். அப்புறம் ஈரோடு கூப்பிட்டது, தாராபுரம் கூப்பிட்டது. போடாத டீலர்கள்கூட அன்று தேடி எடுத்துப் போட்டார்கள்.

சனிக்கிழமை காலை முதலாளி ரூமுக்குப் போனேன். காதர் மாஸ்டரும் அக்காவும் ஓரமாக நின்றிருந்தார்கள். எலாஸ்டிக்குக்குத்தான் திட்டு விழும் என்று நினைத்து, பதிலெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அவர் கேட்டது வேறு. "பெட்டியில ஒரு கடுதாசிதான் இருந்துது. வாத்தியார் கடுதாசியெல்லாம் எங்க?"

நேராகக் கேட்டுவிட்டார். நேராகக் கேட்டால் நான் மறைக்க மாட்டேன். டிராயரைத் திறந்து நோட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, நான்கைந்து பக்கம் புரட்டினார்.

"தேசிகன் வாத்தியாரு?"

"நான்தான் சார் எழுதினேன்."

"ஹேமா?"

"அதுவும் நான்தான் சார்."

"அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க?"

"அவங்களும்தான் சார்."

"அவங்க மேல எனக்கு எத்தன கோவம் தெரியுமாடா?" என்று அவர் கத்தினபோது மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, வேறெதுவுமா, தெரியவில்லை. முதலாளி நோட்டை மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் பாக்கி. அப்பா ஊர் முழுக்க மேனேஜர் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"அப்ப இந்தக் கண்டக்டரும் நீ எழுதினதுதான்" என்றார் திடீரென்று.

"சத்தியமா இல்ல சார். அவ்வளவு நல்லா எனக்கு எழுத வராது."

"அப்ப போட்டிக் கம்பெனிக்காரன் எவனோ எழுதியிருக்கான். நெசமான மனுசன் எவனும் இப்பிடி எழுத மாட்டான். வாத்தியார் எழுதுவாரு பாரு, அது கடுதாசி." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

கடைசியில் முடிவு சொன்னார். நான் பாவூர்சத்திரம் போக வேண்டும். அந்த ஆள் உண்மை, கடிதம் உண்மை என்றால் எலாஸ்டிக் சுருள் அத்தனையும் மாற்றுவார், என் வேலையும் நிரந்தரம். இல்லையென்றால் கடிதம் பொய் என்று நாற்பத்துமூன்று டீலருக்கும் அறிவிப்பார், நான் அட்டையைக் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். போகும்போது ஆறாறு ஜட்டி போட்ட பாக்கெட் இரண்டு கொடுத்தனுப்பினார். சைஸ் தெரியாததால் எல்லாச் சைஸும் கலந்து.

கண்டக்டரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பாவூர்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் டீக்கடையில் கேட்டேன். "எந்த இசக்கிமுத்து? லெட்டர் எழுதுத இசக்கிமுத்தா?" என்றார்கள். பத்து நிமிஷத்தில் வந்தார். ஐம்பது வயது இருக்கும், மீசை பெரிது. நான் விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சௌகரியமா? அப்படி ஒரு கம்பெனி இருக்கா என்ன?"

"நீங்க எங்களுக்கு லெட்டர் போட்டிருக்கீங்களேங்க."

"நான் ஒம்பது கம்பெனிக்குப் போட்டேன் தம்பி. எம்மவ போன்ல எல்லா விலாசமும் எடுத்துக் குடுத்தா, ஒரே லெட்டரு எல்லாத்துக்கும். எவனும் ஒரு பதில் போடல. நீரு ஒருத்தருதான் ஆளாவே வந்து நிக்கீரு."

"அப்ப நீங்க வாங்குனது எங்க ஜட்டி இல்லையா?"

"அது யாருக்குத் தெரியும்? நாலு சலவையில எலாஸ்டிக்கும் போச்சு, அதுல எழுதியிருந்த பேரும் போச்சு. தென்காசில தள்ளுவண்டில எடுத்தது. அதான் எல்லாருக்கும் எழுதிப் போட்டேன். எவன்கிட்ட குத்தம் இருக்கோ அவன் தேடி வருவாம்லா." டீயை ஒரு மடக்குக் குடித்தார். "நீரு வந்திட்டீரு."

பாக்கெட்டை நீட்டினேன். அவர் அங்கேயே ஒன்றைப் பிரித்து, இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தார். டீக்கடையே பார்த்தது.

"நீரு எது போடுதீரு, தம்பி? இதுதானா?"

எனக்கு அம்மாதான் வெள்ளகோவில் சந்தையில் எடுத்துக்கொண்டு வருவார். என்ன பேர் என்றுகூட நான் பார்த்ததில்லை. "வேறங்க" என்றேன்.

"சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். பாக்கெட் இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. உள்ளதை உள்ளபடி சொன்னால் முதலாளி என்ன செய்வார்? 'பாத்தியா, நம்முதே இல்ல' என்று அறிவித்துவிட்டு அதே சுருளைத் தைப்பார். என் அட்டை கேட்டுக்குப் போகும். பொய் சொல்லவும் எனக்கு வராது. மதுரை தாண்டும்போது அறிக்கையை எழுதி முடித்தேன். மூன்றே வரி. 'பாவூர்சத்திரம் இசக்கிமுத்து என்ற கண்டக்டர் இருக்கிறார், நேரில் பார்த்தேன். கடிதம் அவர் எழுதியதுதான், ஒப்புக்கொண்டார். அவருடைய எலாஸ்டிக் நாலு சலவையில் போனது உண்மை.' இதில் எந்த வரி பொய், சொல்லுங்கள் பார்ப்போம்?

முதலாளி இரண்டு தடவை படித்தார். "போட்டிக் கம்பெனி இல்லையா?" என்றார். இல்லை என்றேன். அன்று சாயங்காலமே பழைய சுருளெல்லாம் லாரியில் ஏறியது. அடுத்த வெள்ளிக்கிழமை அவரே மைக்கில் பேசினார், நாற்பது விநாடி. "சௌகரியம் நேயர்களுக்கு வணக்கம். எலாஸ்டிக் மாத்தியாச்சு. பழசு லூசா இருந்தா வாங்குன கடைல குடுங்க, புதுசு குடுப்பாங்க. பருத்தியப் பத்தி அடுத்த வாரம்." எப்போதும் பதினோரு பேர் கேட்பார்கள். அதைப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள்.

ஒன்பதாவது நாள் நிரந்தர உத்தரவு வந்தது. கையில் கொடுக்கும்போது முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஹேமா கல்யாணத்த முடிச்சு வெச்சிருப்பா. ரேடியோவுக்கு வேண்டாம். எனக்கு மட்டும் எழுதிக் குடு. பாதியில விட்டா மனசு கேக்க மாட்டேங்குது" என்றார். முடித்து வைத்தேன். அந்த வீட்டார் வேண்டாம், பெருந்துறையில் ஒரு நல்ல பையன். முதலாளிதான் சொல்லிக்கொடுத்தார்.

ஆனால் எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அறிக்கையில் பொய் இல்லை, சரி. அந்தத் தள்ளுவண்டி ஜட்டி வேறு யாருடையதாகவாவது இருந்தால்? நான் ஒரு லாரி எலாஸ்டிக்கைச் சும்மா தூக்கிப் போட வைத்துவிட்டேனா? அதனால் போன மாதம் இந்த அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெள்ளகோவில் கடைத்தெருவில் பழைய சரக்கு சௌகரியம் ஒன்று வாங்கினேன். வீட்டில் அம்மா துவைக்கிற அதே பார் சோப்பு, அதே கல், அதே கொடி. முதலில் டேப் வைத்து இடுப்புப் பட்டையை அளந்தேன், எண்பது சென்டிமீட்டர். ஒவ்வொரு சலவைக்கும் பிறகு காய வைத்து, நீட்டி, விட்டு, மறுபடி அளந்து எழுதி வைத்தேன். அம்மா ஏன் என்று கேட்டார், ஆபீஸ் வேலை என்றேன். முதல் சலவைக்கு எண்பத்திரண்டு. இரண்டாவதற்கு எண்பத்தைந்து. கண்டக்டர் நாலு சலவை என்று எழுதியிருந்தார்.

எங்களுடையது மூன்றாவதிலேயே போய்விட்டது.